படிவம் ஏழின்படி ஒரு தாத்தா

லிஃப்ட்காரர் நீதிமன்றத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேத்தியை வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சொத்து கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை, யாரையும் உள்ளே தள்ளச் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தை நீதிமன்றம் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடும் என்று அந்த மனுஷன் நம்பினார். முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். பொத்தானை அழுத்தினால் பெட்டி வரும் என்ற நம்பிக்கையிலேயே வாழ்ந்து பழகிவிட்டவர்.

அவருக்கு ஒரே மகள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். பாலத்தில் நடந்தால் இருபது நிமிஷம். ஆனால் பாலத்தின் நடுவில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் வேறு மாநிலம். மகள் இருந்தவரை அந்தப் பலகையை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

மகள் ஒரு காய்ச்சலில் பத்தே நாளில் போய்விட்டாள். மருமகன் ஆறு மாதம் துக்கம் காத்தான். பிறகு தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டான், அங்கேயே வேறு கல்யாணமும் செய்துகொண்டான். மூன்று வயதுப் பேத்தி சிட்டு, அவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தாவிடம், அதாவது லிஃப்ட்காரரின் சம்பந்தியிடம், வளர்ந்தாள்.

லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார். மகள் வாங்கிக்கொடுத்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவார். ஏனென்றால் சிட்டுவுக்கு அந்தச் சட்டைதான் லிஃப்ட். நடுப் பொத்தானை அவள் ஒரு தடவை அழுத்தினால் முதல் மாடி, இடுப்பு உயரத்துக்குத் தூக்குவார். இரண்டு தடவை அழுத்தினால் இரண்டாவது மாடி, மூக்குக்கு மூக்கு. மூன்று தடவை அழுத்தினால் தலைக்கு மேல். மாடி வந்து சேர்ந்ததும் "டிங்!" என்பார். பிள்ளை அதுவரை இறுக்கி மூடியிருந்த கண்ணைத் திறந்து சிரிக்கும். அவளுக்கு அவர் டிங் தாத்தா. மகள் போன பிறகு அந்த மனுஷன் உயிரோடு இருந்தது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டிக்கொண்டு சம்பந்தி உள்பக்கம் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. நீங்க வந்துட்டுப் போனா பிள்ளை ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டேங்குது. அம்மா எங்கேன்னு கேக்குது. நாங்க என்ன பதில் சொல்றது?"

"நானும் அதே கேள்வியோடதான், சம்பந்தி, வீட்டுக்குப் போறேன். ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேனே."

"நமக்குள்ள சண்டை எதுக்கு? எதுவா இருந்தாலும் சட்டப்படி பண்ணிக்குவோம்."

சட்டப்படி என்பதை அவர் மிகவும் பாசமாகத்தான் சொன்னார். சொல்ல மாட்டாரா பின்னே? அந்த ஊர் வக்கீல் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் தலைவர்.

லிஃப்ட்காரர் அந்த ஊரில் பதினொரு வக்கீல்களைப் பார்த்தார். தலைவருக்கு எதிரான வழக்கு என்றதும் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருவருக்குத் திடீரென்று வெளியூரில் கல்யாணம் வந்தது. இன்னொருவர், "நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா? எங்க அடுக்ககத்து லிஃப்ட்ல ஒரு சத்தம் வருது" என்று வீட்டுக்கே அழைத்துப்போனார். சத்தத்தைச் சரிசெய்யும்வரை கூடவே நின்று கவனமாகப் பார்த்தார். சரியானதும் தனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் கை கொடுத்தது மகளின் சிநேகிதி. விடுதியில் மகளோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவள். பலகைக்கு இந்தப் பக்கம் நல்ல பெயர் எடுத்த வக்கீல். லிஃப்ட்காரர் அவளை வக்கீலம்மா என்பார், அவள் அவரை அப்பா என்பாள்.

"நான் வரேன்ப்பா. அவ இருந்திருந்தா இந்தக் கேட்டை உடைச்சிருப்பா. நான் வாதாடியாவது பாக்கறேன்."

இங்கேதான் வினை ஆரம்பித்தது. வெளி மாநில வக்கீல் அந்த நீதிமன்றத்தில் வாயைத் திறக்க வேண்டுமென்றால் தற்காலிக அனுமதி வேண்டும். அதற்கென்று நான்காவது மாடியில் தனிப் பிரிவு. நான்காவது மாடிக்கு ஒரு லிஃப்ட், அது பழுதாகிப் பதினொரு மாதம். இருவரும் படியேறிப் போனார்கள்.

பிரிவின் பதிவாளர் நல்ல மனுஷர். வெள்ளைச் சட்டை, பைக்குள் நான்கு பேனா, முகத்தில் நிரந்தரமாக ஒரு வருத்தப் புன்னகை. வக்கீலம்மா அறைக்குள் கால் வைத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க எந்தத் தகுதியில உள்ள வர்றீங்கம்மா?"

"வக்கீலா, சார். அனுமதி கேட்டு மனு கொடுக்க."

"வக்கீலா உள்ள வர அனுமதி வேணுமே. அதுக்கு மனு கொடுக்கணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்?"

"சரி, பொதுமக்களா வாங்க. ஆனா அனுமதி மனுவான படிவம் ஏழுல பொதுமக்கள் கையெழுத்துப் போட முடியாது."

பதிவாளர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். பிறகு அவரே வழியும் சொன்னார். வக்கீலம்மா வாசற்படிக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டியது, கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டியது. கையெழுத்துக்குக் கை போதும். அவள் அப்படியே நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மனுதாரரான லிஃப்ட்காரர் படிவத்தை அவள் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களைச் சந்தேகப்படறோம்னு நினைக்காதீங்க" என்றார் பதிவாளர். "வெளி மாநில வக்கீல் எங்களுக்கு விருந்தாளி மாதிரி. இந்த விதி வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் எட்டு பேருக்கு அனுமதி கொடுத்திருக்கோம். அதுல ஒருத்தர் வேற கட்டடம்னு நினைச்சுத் தப்பா வந்துட்டவரு. இருந்தாலும் கணக்குல சேத்துக்கிட்டோம். இவ்வளவு கம்மியா வந்திருக்காங்கன்னா, விதி நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்தானே ஐயா?" என்று லிஃப்ட்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"சட்டம் ஒண்ணுதான். ஆனா எங்க சட்டம் எங்க வாயிலேருந்து வந்தாத்தான் எங்களுக்கே புரியும்."

விதிகள் இரண்டு. ஒன்று, வெளி வக்கீலின் மாநிலத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கி வர வேண்டும், சான்று முப்பது நாள் செல்லும். அந்தச் சான்றைப் பரிசீலிக்கும் குழு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை கூடும். மனுவை முந்தைய கூட்டம் முடிந்த மறுநாளே கொடுத்துவிட வேண்டும். ஆகவே குழு கூடும்போதெல்லாம் வக்கீலம்மாவின் நன்னடத்தை பதினைந்து நாள் முன்பே காலாவதியாகியிருக்கும். இப்படி நான்கு கூட்டம் போயின. அந்த ஆறு மாதத்தில் சிட்டு மூன்றாம் வயதைப் பாதி கடந்துவிட்டாள். லிஃப்ட்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீலச் சட்டையைத் துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்துக்கொண்டிருந்தார். போட்டுக்கொள்ளவில்லை. பொத்தான் தேய்ந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பயம்.

இரண்டாவது விதி, வெளி வக்கீல் தனியாக நிற்கக் கூடாது. உள்ளூர் வக்கீல் ஒருவர் உடனிருக்க வேண்டும். வெளி வக்கீல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் ஆமோதிக்க வேண்டும். தலைவருக்கு எதிராக உடனிருக்க யார் வருவார்? தேடித் தேடி ஒருவரைப் பிடித்தார்கள். எண்பத்திரண்டு வயது. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார் என்பதால் ஊரே அவரை உறங்காப்புலி என்றது. எதிர்த்தரப்பு யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குள் தூங்கிவிட்டார்.

ஐந்தாவது தடவை மனுவோடு லிஃப்ட்காரர் படியேறிக்கொண்டிருந்தபோது ஒரு சம்பவம் நடந்தது. அன்றுதான் லிஃப்டைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி மாலையெல்லாம் போட்டிருந்தார்கள். முதல் ஆளாகப் பதிவாளர் ஏறினார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பெட்டி நின்றுவிட்டது.

லிஃப்ட்காரர் கதவில் காதை வைத்துக் கேட்டார். கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவியை எடுத்தார்.

"ஐயா, பயப்படாதீங்க. கதவுப் பூட்டு சிக்கியிருக்கு, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்துல திறந்துடலாம்."

"யாரு பேசறது?" உள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க, பேத்தி கேஸ். லிஃப்ட் மெக்கானிக்."

"நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்ல?"

"ஆமாங்க."

"அப்ப தொடாதீங்க!"

ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து லிஃப்ட்காரர் சிரித்தார். உள்ளிருந்து சிரிப்பு வரவில்லை. இது அரசுக் கட்டடம், வெளி மாநில மெக்கானிக் தனியாகக் கை வைத்தால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும், உள்ளூர் மெக்கானிக் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உள்ளிருந்தே பதிவாளர் ஆணை பிறப்பித்தார். பிறப்பிக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது.

உள்ளூர் மெக்கானிக் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. வந்தவர் உண்மையில் ஏசி மெக்கானிக். அவர் கையைக் கட்டிக்கொண்டு உடனிருந்தார். லிஃப்ட்காரர் சாவியைப் போட்டுத் திருப்பினார். பதிவாளர் வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்து, ஏசி மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். பிறகு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்களை நான் மறக்க மாட்டேன். கையில சாவி இருந்தும் நின்னீங்க பாருங்க, அதுதான் பண்பாடு. வேற ஒருத்தனா இருந்தா திறந்தே இருப்பான்."

அந்தப் பண்பாட்டுக்குப் பலன் கிடைத்தது. காலாவதியான சான்று, காலாவதியாகாமல் இருந்த காலத்தில் காலாவதியாகாமல்தான் இருந்தது என்று இன்னொரு சான்று வாங்கி வந்தால் போதும் என்று பதிவாளர் வழிகாட்டினார். அந்தச் சான்று அறுபது நாள் செல்லும். அனுமதி வந்தது. ஒரே ஒரு விசாரணைக்கு, ஒரே ஒரு வக்கீலம்மாவுக்கு. விசாரணைக்குத் தேதி கிடைக்க மேலும் ஏழு மாதம்.

விசாரணையன்று வக்கீலம்மா எழுந்து நின்றாள். பக்கத்து நாற்காலியில் உறங்காப்புலி.

"நாலு வயசுக் குழந்தை, கனம் நீதிபதி அவர்களே. அம்மா ஏற்கனவே இல்ல. அம்மாவோட அப்பாவையும் எடுத்துட்டா அம்மா வழியில அதுக்குன்னு யாருமே இல்ல."

நீதிபதி அவளைப் பார்க்கவில்லை. உறங்காப்புலியைப் பார்த்தார். தூக்கத்தில் அவர் தலை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

"உள்ளூர் வக்கீல் ஆமோதித்தார். பதிவு செய்யுங்க."

இப்படியே வாதம் போயிற்று. அவள் பேசுவாள், கிழவர் தலை ஆடும், பதிவாகும். நடுவில் அவருக்குத் தூக்கம் ஆழ்ந்து தலை ஆடாமல் நின்றுவிட்டது. நீதிமன்றம் இருபது நிமிஷம் காத்திருந்தது. மகள் கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அப்பா, சிட்டுவைப் பாத்துக்கோங்க" என்று சொன்னதை வக்கீலம்மா குரல் உடைந்து சொல்லி நிறுத்தியிருந்த இடம் அது. ஆமோதிக்க ஆளில்லாமல் அந்த வார்த்தை அப்படியே அந்தரத்தில் நின்றது. லிஃப்ட்காரர் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார, கிழவர் தலையை உதறினார். பதிவாயிற்று.

சம்பந்தி எழுந்து, "குழந்தையின் நலனே எங்கள் நலன்" என்று நாற்பது நிமிஷம் பேசினார். ஆனால் இத்தனை ஆமோதிப்பு பதிவாகிவிட்ட வழக்கை நீதிபதியால் தள்ள முடியவில்லை. வாரம் ஒரு தடவை பார்க்கலாம் என்று தீர்ப்பானது. பார்க்கும் முறையைத் தகுந்த படிவத்தில் பதிவாளர் வகுக்க வேண்டும்.

லிஃப்ட்காரர் வாசலில் வக்கீலம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருவருமே நினைத்தார்கள்.

வெளி மாநிலத்திலிருந்து வரும் உறவினருக்கென்று அந்த நீதிமன்றத்தில் படிவம் கிடையாது. பதிவாளர் நான்கு நாள் அலமாரி அலமாரியாகத் தேடினார். மனசாட்சியுள்ள மனுஷர், படிவம் இல்லை என்று கையை விரிக்க அவருக்கு மனம் வரவில்லை. இருப்பதிலேயே நெருங்கியது படிவம் ஏழு. அதில் 'வழக்கறிஞர்' என்று இருந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் அடித்து, 'தாத்தா' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதினார். மற்றதில் அவர் கை வைக்கவில்லை. அச்சடித்த விதியைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை.

அதைக் குழு அங்கீகரிக்க இன்னும் ஒரு நாற்பத்தைந்து நாள். ஆக, கேட்டைப் பூட்டிய நாளிலிருந்து ஒன்றரை வருஷம் கழித்து, கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறையில், மூன்று நாற்காலியும் ஒரு மேஜையும் போட்டு லிஃப்ட்காரரை உட்கார வைத்தார்கள். நீலச் சட்டை போட்டிருந்தார். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவாளர் வாசித்தார்.

"வெளி மாநிலத் தாத்தா இந்த ஒரு பொருட்டு மட்டும், தற்காலிகமாக, வாரம் ஒரு மணி நேரம் தோன்றலாம். உள்ளூர்த் தாத்தா உடனிருக்க வேண்டும். வெளி மாநிலத் தாத்தா கூறுவதும் செய்வதும் உள்ளூர்த் தாத்தா மூலமாகவே நடைபெற வேண்டும். மீறினால் அனுமதி ரத்து. மறு மனு ஒரு வருஷம் கழித்து."

"எனக்குப் புரியலீங்களே ஐயா" என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்கதான் விதியை மதிக்கிற ஆளாச்சே. லிஃப்ட்ல நின்ன மாதிரி நில்லுங்க, போதும்."

சம்பந்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு சிட்டு வந்தாள். வளர்ந்திருந்தாள். கண் அப்படியே மகளுடைய கண்.

"தாத்தா, இவங்க யாரு?" என்று சம்பந்தியைக் கேட்டாள்.

சம்பந்தி பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் படிவத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"வெளி மாநிலத் தாத்தா" என்றார் சம்பந்தி.

லிஃப்ட்காரர் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "சாப்ட்டாளான்னு கேளுங்க சம்பந்தி" என்றார்.

"சாப்ட்டியான்னு கேக்கறாங்க."

"சாப்ட்டேன்னு சொல்லுங்க."

"சாப்பிட்டாளாம்."

"அவளைப் பாக்காம... ஒரு ஞாயித்துக்கிழமைகூட எனக்கு விடியலைன்னு சொல்லுங்க சம்பந்தி. அவ அம்மா மேல சத்தியமா."

சம்பந்தி வாயைத் திறந்தார். ஏனோ அவருக்கு வரவில்லை. நாற்பது நிமிஷம் தண்ணீர் குடிக்காமல் வாதாடிய மனுஷர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வர முடியாமைக்கு வருந்துகிறார்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

பிள்ளைக்கு இந்தப் பெரியவர்கள் விளையாட்டு அலுத்துப்போயிற்று. நாற்காலிக்கு நாற்காலி நடந்தாள். லிஃப்ட்காரர் முன்னால் வந்ததும் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி நடுப் பொத்தானை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு அடி பின்னால் போய், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

லிஃப்ட்காரரின் கைகள் முழங்காலிலிருந்து தாமாகவே எழுந்தன.

"தொடாதீங்க!" என்றார் பதிவாளர். அவர் குரலும் நடுங்கத்தான் செய்தது. "தூக்கறது செய்வதுல வந்துடும். ரத்தாயிடும் ஐயா, ஒரு வருஷம்! அவர் மூலமாத்தான்."

ஒரு வருஷம். லிஃப்ட்காரரின் கைகள் பாதி வழியில் நின்றன. அடுத்த வாரம் இதே அறை, இதே ஒரு மணி நேரம் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. கைகள் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. சிட்டு கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்திதான் எழுந்தார். அவருக்கு இடுப்பு வலி. பிள்ளையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்தார். சிட்டு கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள்.

"இது மூணாவது மாடி இல்ல" என்றாள். "சத்தமும் வரல."

சம்பந்தி அவளை இறக்கிவிட்டார். அவள் லிஃப்ட்காரரின் பொத்தானை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். ரொம்பப் பரிதாபமாக, "இந்த லிஃப்ட் ரிப்பேரா தாத்தா?" என்று சம்பந்தியைக் கேட்டாள்.

விதிப்படி அந்தக் கேள்வியைச் சம்பந்தி லிஃப்ட்காரரிடம் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. தெரிவிக்கப்படாத கேள்விக்கு லிஃப்ட்காரர் பதில் சொல்லவும் முடியவில்லை. மீதி நேரத்தைப் பிள்ளை நாற்காலியின் காலை எண்ணிக் கழித்தாள். மணி ஆனதும் சம்பந்தி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். லிஃப்ட்காரர் முகத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

பதிவாளர் சந்திப்பு அறிக்கையின் நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். 'நடத்தை: மிகவும் திருப்தி. எதையும் தொடவில்லை.'

வக்கீலம்மாவின் அனுமதி ஒரு விசாரணையோடு தீர்ந்துவிட்டதால் அவள் தெருவில், கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றிருந்தாள்.

"என்னப்பா? உங்களைத் தெரிஞ்சுதா அவளுக்கு?"

அவர் நகலை அவளிடம் கொடுத்தார். நடந்தார். அவளும் கூடவே நடந்தாள். பாலத்தில் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மூணு தடவ அழுத்தினாம்மா. சரியா மூணு தடவ. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான்தான் நகரல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலத்தின் நடுவில் பச்சைப் பலகை வந்தது. அதைத் தாண்டி நான்கு அடி வைத்ததும் அவர் நின்றார். திரும்பி, அந்தப் பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்தார். இரண்டு கையையும் மெல்லத் தலைக்கு மேல் தூக்கினார். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"டிங்" என்றார்.